பணம் பொதுவில், கதவு தனியார் கையில்

மே மாதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வெளியானதும், திருவனந்தபுரம் ஆரியசாலை தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை தெருவின் இருபுறமும் பள்ளிகளின் விளம்பரப் பதாகைகள் முளைத்துவிடுகின்றன. நூறு விழுக்காடு தேர்ச்சி, எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் பெற்றோர் இத்தனை பேர், அவர்களது நிழற்படங்கள், மேலாளரின் படம் எல்லாவற்றினும் பெரிதாக. மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சியே 2025இல் 99.5 விழுக்காடு என்னும்போது, நூறு விழுக்காட்டில் பெருமைப்பட என்ன உள்ளது என்று எவரும் கேட்பதில்லை. அதனினும் முதன்மையான கேள்வியொன்றும் கேட்கப்படுவதில்லை. இந்தப் பள்ளி எத்தனை குழந்தைகளை வாசலோடு திருப்பியனுப்பியது? செவித்திறன் குறைந்தோர், ஆட்டிசம் உடையோர், அறிவுவளர்ச்சி குன்றியோர், எழுத்துகள் கண்முன் குழம்பித் தெரிவோர் ஆகிய குழந்தைகள் இந்தப் பதாகைக்குப் பின்னால் எங்கே இருக்கிறார்கள்?

பள்ளிகளைத் தனியார் நிர்வாகத்திடம் ஒப்படைத்தால் தரம் உயரும் என்னும் நவதாராளமயப் பல்லவி நம் நாட்டில் ஓங்கி ஒலிக்கும் காலம் இது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளி தொடங்குவதற்கான நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும் என்கிறது. கொடையாளரும் அரசும் கைகோத்து நடத்தும் பள்ளிகளைச் சோதனை முறையில் தொடங்கலாம் என்கிறது. பள்ளியில் என்ன இருக்கிறது என்பதைவிட, பள்ளியிலிருந்து என்ன விளைகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்கிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதம். ஆனால் விளைச்சலை மட்டும் அளந்தால், எந்த விதை முளைக்குமோ அதை மட்டும் பொறுக்கி எடுப்பவனே சிறந்த உழவன் ஆகிவிடுவான். இந்தப் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து பார்த்த நாடொன்று உண்டு. அங்கே சிறப்புத் தேவை உடைய குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கணக்கும் உண்டு.

அந்நாடு அமெரிக்கா. ‘சார்ட்டர்’ பள்ளி என்பது அங்கே அரசுப் பணத்தில் தனியார் நிர்வாகம் நடத்தும் பள்ளி. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர் தலைக்கு இவ்வளவு என அரசே கொடுக்கிறது. ஆசிரியர் நியமனம், கற்பிக்கும் முறை, ஒழுங்கு விதிகள் யாவும் நிர்வாகத்தின் விருப்பம். 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதற்சட்டத்தை இயற்றியது. இந்தக் கருத்தை 1988இல் பரப்பியவர் ஆல்பர்ட் ஷாங்கர் என்னும் ஆசிரியர் சங்கத் தலைவர் என்பது கசப்பான வேடிக்கை. வழக்கமான வகுப்பறை கைவிட்ட பிள்ளைகளுக்காக, ஆசிரியர்களே புதிய முறைகளைச் சோதித்துப் பார்க்கும் சிறு பள்ளிகளைத்தான் அவர் எண்ணியிருந்தார். சில ஆண்டுகளில் அந்தக் கருத்து சந்தைக்காரர்களின் கைக்குப் போயிற்று. தொழிற்சங்கம் இல்லாத ஆசிரியர்களைக் கொண்டு சங்கிலித்தொடர்க் கடைகளைப் போலப் பள்ளிகள் பெருகின. ஷாங்கரே பிற்காலத்தில் அதை எதிர்த்துப் பேச நேர்ந்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2012 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2009-10 கல்வியாண்டின் நிலையைக் கூறுகிறது. மரபான பொதுப்பள்ளிகளின் மாணவர்களில் சுமார் 11 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். சார்ட்டர் பள்ளிகளில் சுமார் 8 விழுக்காட்டினர். மூன்று விழுக்காடுதானே என்று கடந்துபோக வேண்டாம். பொதுப்பள்ளியின் வாசல் வழியே 11 குழந்தைகள் நுழையும் இடத்தில், சார்ட்டரின் வாசலில் 8 பேரே நுழைகிறார்கள். அந்த எட்டுப் பேரும் பெரும்பாலும் யார்? வாசிப்பில் தடுமாறுவோர், பேச்சு சற்றுத் தாமதப்பட்டோர் போன்ற, குறைந்த செலவில் உதவக்கூடியவர்கள். நாள் முழுதும் உடன் ஓர் உதவியாளர் இருந்தாக வேண்டிய குழந்தை பொதுப்பள்ளியில்தான் இருக்கிறது. ஆகவே தலைக்கணக்கில் தெரியும் இடைவெளியைவிடச் செலவுக்கணக்கில் இடைவெளி பெரிது.

சட்டப்படி சார்ட்டர் பள்ளி எந்தக் குழந்தையையும் மறுக்க முடியாது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவருக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி என்பதை அமெரிக்கா 1975லேயே சட்டமாக்கிவிட்டது. சேர்க்கைக்கு இடம் போதாவிட்டால் குலுக்கல். அப்படியிருக்க எண்ணிக்கை எப்படிக் குறைகிறது? எவரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளி பொருந்தாது’ என்று பரிவோடு சொல்கிறார்கள். ‘அவனுக்கு வேண்டிய வசதி அந்தப் பள்ளியில் நன்றாக இருக்கிறது’ என்று வழிகாட்டுகிறார்கள். சேர்ந்த பிறகு சிறு குற்றங்களுக்கெல்லாம் தாயை வேலையிடத்திலிருந்து அழைக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை அழைத்தால் தினக்கூலிக்குப் போகும் தாய் தானே பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நியூயார்க் நகரின் பெயர்பெற்ற சார்ட்டர் தொடரொன்றைச் சேர்ந்த பள்ளியில், ‘போயாக வேண்டியவர்கள்’ எனத் தலைப்பிட்டு 16 குழந்தைகளின் பட்டியலே தயாரிக்கப்பட்டிருந்ததை 2015 அக்டோபரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொணர்ந்தது. பட்டியல் எழுதி மாட்டிக்கொண்டது அந்த ஒரு பள்ளி. எழுதாமல் மனத்தில் வைத்திருப்போரை எந்த நாளேடு கண்டுபிடிக்கும்?

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதை இன்னும் கொடியது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அந்நகரை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த சில மாதங்களிலேயே, முதுமையின் எல்லையில் இருந்த மில்டன் பிரீட்மன், இந்தப் பேரிடர் கல்வியமைப்பை அடியோடு மாற்றக் கிடைத்த வாய்ப்பு என்னும் பொருள்பட எழுதினார். பள்ளி ஊழியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். நகரின் பள்ளிகள் படிப்படியாகச் சார்ட்டர் ஆக்கப்பட்டன. முன்பு நகர் முழுமைக்கும் ஒரே கல்வி வாரியம் இருந்தது. எந்தப் பள்ளியில் இடமில்லை என்றாலும், அந்தக் குழந்தைக்குப் பொறுப்பு வாரியத்தினுடையது. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனி அரசாங்கம் போல் ஆயிற்று. ஆட்டிசம் உடைய மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் கதவு கதவாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டும். 2010இல் பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். 2015இல்தான் நீதிமன்ற மேற்பார்வையுடன் கூடிய உடன்பாடு கிடைத்தது. ஐந்தாண்டு என்பது ஒரு குழந்தையின் தொடக்கக் கல்விக் காலம் முழுவதும்.

இவ்வாறு பொறுக்கி எடுத்துவிட்டு, பின்னர் இரண்டு வகைப் பள்ளிகளின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘பாருங்கள், பொதுப்பள்ளி தோற்றுவிட்டது’ என்கிறார்கள். செலவு மிகுந்த குழந்தைகளையெல்லாம் பொதுப்பள்ளியில் விட்டுவிட்டு, அதன் நிதியையும் தலைக்கணக்கில் உருவிக்கொண்டு, பின்பு அதன் தோல்வியைச் சான்றாகக் காட்டி மேலும் நிதியை உருவுவது இந்த ஏற்பாட்டின் இயக்கம். சிறப்புக் கல்விக்கு ஆகும் கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை ஏற்பதாக 1975இல் சட்டத்தில் எழுதிய அமெரிக்க ஒன்றிய அரசு, அந்த அளவை இதுவரை ஒரு முறையும் எட்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2025 மார்ச்சில் டிரம்ப் கல்வித் துறையையே கலைப்பதற்கான ஆணையில் கையெழுத்திட்டார்.

இனி வீட்டுக்கு வருவோம். இக்கட்டுரைக்காக ‘சார்ட்டர்’ என்னும் சொல்லைத் தமிழாக்க முயன்றபோது ‘பட்டயம்’ என்ற சொல்தான் முதலில் வந்தது. செப்புப் பட்டயம் என்பது அரசன் நிலத்தைத் தானமாக எழுதிக்கொடுத்த ஆவணம். நிலம் ஊருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சல் பட்டயம் பெற்றவருடையது. பெரும்பாலும் இறையிலி, அதாவது வரியும் கிடையாது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், அகராதி சில சமயம் அரசியல் அறிக்கையைவிடத் தெளிவாகப் பேசுவதைக் கண்டிருக்கிறேன். பட்டயப் பள்ளி என்று எழுதினால் கேரளத் தோழர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நம்மிடம் அது நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு நாம் வைத்த பெயர் உதவிபெறும் பள்ளி.

கேரளத்தில் அரசுப் பள்ளிகள் 4,500க்குச் சற்று மேல். உதவிபெறும் பள்ளிகள் 7,000க்கு மேல். இந்த ஏழாயிரத்தின் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம்தோறும் ஊதியம் தருவது அரசுக் கருவூலம். ஓய்வூதியமும் அதுவே. நியமிப்பவர் மட்டும் மேலாளர். ஆசிரியப் பணியிடம் விலைக்குப் போவது இங்கே எவரும் மறைக்காத இரகசியம். 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வியமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா இந்த முரண்பாட்டைத்தான் தொட்டது. ஊதியத்தை அரசு நேரடியாகத் தரும். ஆகவே ஆசிரியர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றது அதன் 11ஆம் பிரிவு. குடியரசுத் தலைவர் மசோதாவை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். 1958 மே 22இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. 1959இல் ‘விமோசன சமரம்’ மூண்டது. ஜூலை 31இல் அமைச்சரவை கலைக்கப்பட்டது. பின்னர் என்ன எஞ்சியது? ஊதியம் தரும் கடமை அரசிடம் எஞ்சியது. நியமிக்கும் அதிகாரம் மேலாளரிடம் எஞ்சியது. அன்று நாம் நடத்திய போராட்டத்தை ஆசிரியர் நியமனம் பற்றிய போராட்டமாகவே இன்றும் நினைவுகூர்கிறோம். கதவருகில் நின்று எந்தக் குழந்தையை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அதே கையில்தான் தங்கிப்போயிற்று என்பதைப் போதிய அளவு பேசவில்லை.

அந்தக் கை மாற்றுத்திறனாளிகளை எவ்வாறு நோக்குகிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பணியிடங்களில் 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியப் பணிக்கும் அது பொருந்தும் என்று இடது ஜனநாயக முன்னணி அரசு 2018 நவம்பரில் ஆணையிட்டது. பழைய சட்டத்தின் 3 விழுக்காடு 1996 பிப்ரவரி முதலும், புதிய 4 விழுக்காடு 2017 ஏப்ரல் முதலும் கணக்கிடப்பட வேண்டும். நிர்வாகங்கள் என்ன செய்தன? வழக்குத் தொடுத்தன. இடங்களை ஒதுக்காமல் பிறரை நியமித்துவிட்டு, அவர்களுக்கு அரசு ஒப்புதல் தரவில்லை என்று கண்ணீர் வடித்தன. ஒப்புதல் இன்றித் தினக்கூலி போல் உழலும் இளம் ஆசிரியர்களை முன்னே நிறுத்தி, பார்வையற்ற ஆசிரியரோடு மோதவிட்டன. 2025 மார்ச்சில் நாயர் சர்வீஸ் சொசைட்டியின் வழக்கில், ஒதுக்கீட்டு இடங்களைத் தனியே வைத்துவிட்டால் மற்ற நியமனங்களுக்கு ஒப்புதல் தரலாம் என உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. தங்களுக்கும் அதுவே வேண்டும் என்று கிறித்துவ நிர்வாகங்களும் வரிசையில் நின்றன. சக்கர நாற்காலியில் வரும் ஆசிரியருக்கு வகுப்பறையில் இடமில்லை என்போர், சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு இடம் வைத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் சிறப்புத் தேவை உடைய குழந்தைகள் படிக்கிறார்களே என்று. உண்மைதான், படிக்கிறார்கள். அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். கேரளத்தில் பணியிடங்களின் எண்ணிக்கை, ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கைப் பொறுத்தது. பிள்ளைகள் குறைந்தால் வகுப்புப் பிரிவு போகும். பிரிவு போனால் ஆசிரியர் பணியிடம் போகும். பிள்ளைகள் வந்து குவியும் நகர்ப்புறப் பள்ளிக்கு இந்தக் கவலை கிடையாது. ஆகவே அது பொறுக்கி எடுக்கும். ஆள் கிடைக்காத சிறு பள்ளி, அரசுடையதாயினும் உதவிபெறுவதாயினும், எவர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும். அங்கே ஆட்டிசம் உடைய குழந்தை ஒரு பணியிடத்தைக் காப்பாற்றும் தலை. ஏழாவது நாள் அந்தத் தலைக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று கேட்க எவரும் இல்லை. வாசலில் மறுக்கப்படுவது ஒரு கொடுமை. உள்ளே அழைத்துக் கடைசிப் பெஞ்சில் வைத்து மறக்கப்படுவது மற்றொன்று. இரண்டையும் ஒரே ஏற்பாடு உண்டாக்குகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசின் நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெறும் எல்லாக் கல்வி நிறுவனங்களும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தை எளிதில் அணுகத்தக்கதாக்க வேண்டும், தேவைக்கேற்பத் தனிப்பட்ட உதவி அளிக்க வேண்டும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்கு முன் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதைத் தடைசெய்கிறது. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பற்றி ஊடகங்கள் பேசும்போதெல்லாம் தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டையே பேசுகின்றன. அதே பிரிவில் உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு வரி இருக்கிறது. தொடர்செலவில் எந்த விகிதம் அரசிடமிருந்து வருகிறதோ, அந்த விகிதத்துக்குக் குறையாமல் இலவசக் கல்வி அளிக்க வேண்டும். ஊதியம் முழுவதும் கருவூலத்திலிருந்து வரும் கேரளப் பள்ளியில் அந்த விகிதம் என்னவாகும் என்று ஒரு மேலாளராவது கணக்கிட்டுப் பார்த்திருப்பாரா?

ஆனால் 2014 மே 6இல், பிரமதி வழக்கின் தீர்ப்பு சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை, உதவிபெறுபவை உட்பட, கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து முற்றாக விலக்கிவிட்டது. அத்தீர்ப்பு சரிதானா என்னும் ஐயத்தை உச்ச நீதிமன்றத்தின் அமர்வொன்று 2025 செப்டம்பர் 1இல் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியிடம் அனுப்பியுள்ளது. சிறுபான்மையினரின் உரிமைகள் மீது சங் பரிவாரம் பாய்ந்து கடித்துக்கொண்டிருக்கும் காலத்தில் இதை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லாமல் இல்லை. நிறுவனம் நடத்தும் சிறுபான்மையினரின் உரிமையைக் காக்க இடதுசாரிகள் எப்போதும் முன்நிற்போம். ஆனால் அந்தச் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த மீனவப் பெண்ணின் செவித்திறன் குறைந்த மகளையே அந்தப் பள்ளி திருப்பியனுப்பும்போது, அங்கே எந்தச் சிறுபான்மை காக்கப்படுகிறது? மேலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் சிறுபான்மை நிறுவனத்துக்கென விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. அதை மீறுவோருக்கு முதன்முறை 10,000 ரூபாய் வரை, மறுமுறை 50,000 முதல் 5 லட்சம் வரை தண்டம் விதிக்க 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் அரிது.

எதிரியின் வாசலை மட்டும் காட்டிவிட்டு நம் வாசலை மறைப்பது நேர்மையாகாது. அரசுப் பள்ளி எவரையும் மறுப்பதில்லை, சரி. உள்ளே என்ன தருகிறது? சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவை உடைய ஒரு குழந்தைக்கு ஒன்றிய அரசின் விதிமுறை ஒதுக்கும் தொகை ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை; சாலைக் கடைத்தெருவில் ஒரு தேநீர் குடிக்கப் போதாது. பெண் குழந்தைகளுக்கு இதோடு மாதம் 200 ரூபாய், அதுவும் பத்து மாதங்களுக்கு மட்டும். கண்ணாடி, செவிக்கருவி, பயிற்சி, பயணம் எல்லாம் இதற்குள்.

சிறப்புக் கல்வி ஆசிரியர்களின் நிலை இதைவிடத் துயரமானது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் நிலையான சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்றது. மாநிலங்கள் அசையவில்லை. 2025 மார்ச் 7இல் அதே நீதிமன்றம் பணியிடங்களை உடனே அறிவிக்கும்படி மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. கேரளத்தில் இப்பணியைச் செய்வோர் வட்டார வள மையங்களின் ஒப்பந்தப் பணியாளர்கள். ஒருவர் பல பள்ளிகளுக்கு வார முறை வைத்துச் செல்கிறார். வீட்டை விட்டு வெளியே வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்கிறார். திங்கட்கிழமை வரும் ஆசிரியைக்காக மட்டும் பேசும் குழந்தை, மற்ற நான்கு நாட்களும் ஊமையாக இருக்கிறது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சும் ஆசிரியை, ஐந்தாண்டு பொறுத்தால் மட்டுமே பயன்தரும் பயிற்சியை எந்த நம்பிக்கையில் தொடங்குவார்?

இந்த ஒப்பந்த ஊதியமும் சமக்ர சிக்ஷா நிதியிலிருந்துதான் வருகிறது என்பதை மோடி அரசு நன்கு அறியும். பி.எம்.ஸ்ரீ உடன்படிக்கையில் கையெழுத்திடாத மாநிலங்களுக்கு அந்த நிதியை நிறுத்தியது. தமிழ்நாட்டுக்கு 2024-25இல் மறுக்கப்பட்டது 2,151 கோடி ரூபாய்; அம்மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேரளத்தில் 2025 அக்டோபரில் உடன்படிக்கை கையெழுத்தாகி, முன்னணிக்குள் எழுந்த கடும் எதிர்ப்பின் பின் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த விவாதத்தில் காவிமயம் பற்றிப் பேசினோம், கூட்டாட்சி பற்றிப் பேசினோம். இரண்டும் பேச வேண்டியவையே. ஒன்றிய அரசு பணயக் கைதியாகப் பிடித்து வைத்திருப்பது யாரை என்று அழுத்திச் சொல்லத் தவறினோம். நிதி நின்றால் முதலில் நிற்பது சிறப்பு ஆசிரியையின் ஊதியம், பிசியோதெரபி, பயணப்படி. பொது வகுப்பு நடந்துகொண்டேயிருக்கும்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரியசாலை, சாலை, கரமனைப் பகுதிகளில் வீட்டில் தமிழ் மட்டும் பேசும் உழைப்பாளிக் குடும்பங்கள் பல. சுமைதூக்கும் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மனுவை மொழிபெயர்க்கக் கொண்டுவந்தார். நான்கரை வயது மகன் பேசவில்லை. பரிசோதனையில் கேட்கப்பட்ட கேள்விகள் மலையாளத்தில். வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சித் தாள் ஆங்கிலத்தில். மகன் விளங்கிக்கொள்ளவில்லையா, மொழி விளங்கவில்லையா என்பதைப் பிரித்தறிய எவரிடமும் தமிழ் இல்லை. கட்டணப் பள்ளியொன்று ‘முதலில் பேசட்டும், பிறகு பார்க்கலாம்’ என்றதாம். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350ஏ பிரிவு. பேச்சுப் பயிற்சி அந்தக் கல்வியின் பகுதி இல்லையா? 1997இல் தொடங்கப்பட்டு, இப்போது ஆக்குளத்தில் இயங்கிவரும் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், நாட்டில் இத்துறையில் அறியப்பட்டது; தமிழ் அறிந்த பயிற்றுநரை இம்மாவட்டத்துக்குத் தயாரிப்பது இந்த அரசமைப்பால் முடியாத வேலையன்று.

அதிகாரிகளின் ஏடுகளில் ‘உள்ளடங்கிய கல்வி’ என்றொரு தொடர் புழங்குகிறது. தமிழ் படித்தவனுக்கு அது உறுத்துகிறது. அடங்குவது தன்வினை, குழந்தை தன்னைக் குறுக்கிக்கொண்டு அடங்க வேண்டும். உள்ளடக்கிய என்றால் பிறவினை. பள்ளி தன்னை விரித்து ஏற்க வேண்டும். ஒற்றெழுத்துதான் வேறுபாடு என்றாலும், எந்தத் தலைமையாசிரியரிடம் பேசினாலும் அவர் மனத்தில் இருப்பது முதல் சொல் என்று தெரிந்துவிடும்.

தனியார் நிர்வாகத்துக்கு வக்காலத்து வாங்குவோர் ஒரு வாதத்தை வைப்பார்கள்: அரசுப் பள்ளியில் மனம் நொந்து, தாங்களாகவே தனியார் சிறப்புப் பள்ளிக்குச் செல்லும் பெற்றோர் இல்லையா? இருக்கிறார்கள், அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் பொதுத்துறை முயன்றபோது வேறொன்றும் நடந்திருக்கிறது. 2004இல் இதே மாவட்டத்தின் வெங்ஙானூர் ஊராட்சியில் குடும்பஸ்ரீயின் முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய ஏழைக் குழந்தைகளுக்காக உள்ளாட்சி அமைப்பு நடத்தும் பள்ளி. இன்று மாநிலமெங்கும் பரவியிருக்கிறது. கூலிவேலைக்குப் போகும் தாய் பகலில் நிம்மதியாகப் போக முடிகிறது. குறைகள் உண்டு, ஊராட்சிக்கு ஊராட்சி தரம் வேறுபடுகிறது, பொதுப்பள்ளியிலிருந்து இக்குழந்தைகள் தனித்துப் பிரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. எனினும் பதாகையில் போட ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காத குழந்தைகளுக்காக ஓர் ஊராட்சி பணம் ஒதுக்கியது. எந்தச் சந்தையும் அதைச் செய்யாது.

ஆகவே நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை அரசுப் பள்ளி நல்லது, தனியார் பள்ளி தீயது என்பதோடு நின்றுவிடலாகாது. பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் வாங்கும் பள்ளிக்கும் மறுக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. உதவிபெறும் பள்ளிகளின் முதல் வகுப்புச் சேர்க்கை அரசின் பொது ஏற்பாட்டில், வட்டாரத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்ததாக நடக்க வேண்டும். சிறப்பு ஆசிரியர் பணியிடங்கள் தேர்வாணையத்தின் வழி நிரந்தரமாக நிரப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் சொன்ன விகிதத்தில் அரசு, உதவிபெறும் பள்ளிகள் இரண்டுக்கும் அமர்த்தப்பட வேண்டும். இதில் நம் ஆசிரியர் சங்கங்களுக்கும் கடமை உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் உறுப்பினர்களைப் பெரிதும் கொண்ட சங்கங்கள், பணியிடப் பாதுகாப்பு பற்றிக் காட்டும் வேகத்தில் பாதியையாவது வாசல் பற்றிக் காட்டட்டும். தம் பிள்ளைகளைப் பதாகைப் பள்ளிகளில் சேர்க்க வரிசையில் நிற்கும் நம் தோழர்களும், அதே வரிசையிலிருந்து வெளியே அனுப்பப்படும் குழந்தையைத் திரும்பிப் பார்க்கட்டும்.

ஜூன் மாதத்தின் ஆறாவது வேலைநாளுக்கு முன்பாக ஒவ்வொரு கிளையும் தன் வார்டில் வீடு வீடாகச் சென்று, பள்ளிக்குப் போகாத, அல்லது போயும் ஆசிரியர் கிடைக்காத சிறப்புத் தேவைக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும். எந்தப் பள்ளியை அணுகினார்கள், யார் என்ன சொன்னார்கள், வீட்டு மொழி எது என்பதைப் பெற்றோரின் சொற்களிலேயே எழுத வேண்டும். அந்தத் தாள்களை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் கல்வி அதிகாரியிடமும் மனுக்களாகக் கொடுக்கலாம். தமிழில் எழுதியவற்றை மலையாளத்தில் ஆக்கித் தரும் வேலையை நான் ஏற்கிறேன்.